பக்கிக்கு வேறு ஸ்டீயரிங் போடுகிறீர்களா? போஸிலிருந்து தொடங்குங்கள்

கடையில் வரிசையாகத் தொங்கும் ஸ்டீயரிங்குகளைப் பார்த்ததும் கை தானாக நீளும். சிவப்புத் தையல், நடுவையும் வளையத்தையும் இணைக்கும் துளை போட்ட கறுப்புக் கால்கள், நடுவில் பளபளக்கும் ஹாரன் பட்டன். கொஞ்சம் பொறுங்கள். மணலிலும் மண்ணிலும் ஓட்டும் திறந்த சிறு வண்டியான பக்கிக்கு ஸ்டீயரிங் மாற்றுகிறவர் முதலில் தேட வேண்டியது வளையத்தை அல்ல, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் போஸை. வளையத்துக்கும், அதன் திருப்பலைக் கீழே கொண்டுபோகும் தண்டான ஷாஃப்ட்டுக்கும் நடுவில் உட்காரும் அந்த உலோகத் துண்டுதான் உயிரைத் தாங்குகிறது. வளையம் வளைந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிடலாம். போஸ் வழுக்கினால் கையில் ஸ்டீயரிங் சுற்றும், முன்சக்கரம் போன போக்கில் போகும்.

டியூன் பக்கியை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது 1964இல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் உருவாக்கிய மேங்க்ஸ் என்ற வண்டி. ஃபைபர் உடம்பு, உள்ளே ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினும் ஸ்டீயரிங்கும். அதனால் அங்கே பீட்டில் ஷாஃப்ட்டுக்கு ஏற்ற போஸ் பெட்டியில் அடைத்தே கிடைக்கும். நம் பக்கம் கட்டப்படும் பக்கி வேறு ஜாதி. பைப் சட்டம், பின்னால் மாருதி 800 எஞ்சினும் கியர்பாக்ஸும், முன்னால் ஏதோ ஒரு சிறிய காரின் ரேக் (முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம்), அதற்கு மேலே வேறு ஏதோ ஒரு காரின் ஷாஃப்ட். இந்தக் கலவைக்கு அப்படியே பொருந்தும் போஸ் எந்தப் பெட்டியிலும் வராது. ஷாஃப்ட் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் அளவு. பழைய சிறிய கார்களின் ஸ்டீயரிங் பெரியது. டேப்பை வைத்து வெளி விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 380 மி.மீ. இருந்த இடத்தில் 330 மி.மீ. போட்டால், அதே திருப்பலுக்குக் கை கொடுக்க வேண்டிய பலம் சுமார் 15 சதவீதம் கூடும். 350 போட்டால் 9 சதவீதத்துக்குள் முடிந்துவிடும். எஞ்சின் பின்னால் இருப்பதால் பக்கியின் முன்பக்கம் லேசு. எனவே 350 தாராளமாகப் போதும். 300க்குக் கீழே போவது கோ கார்ட்டுக்குச் சரி, மணலுக்குச் சரிப்படாது. முன்சக்கரம் புதையும்போது சின்ன வளையத்தைத் திருப்பத் தோள் போய்விடும்.

அடிப்பக்கம் தட்டையான டி வடிவம் வேண்டாம் என்பேன். ரேஸ் கார் ஸ்டீயரிங் ஒரு சுற்றிலோ ஒன்றரைச் சுற்றிலோ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும், கையை எடுக்கவே தேவையில்லை. சாதாரண காரின் ரேக்குக்கு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டும். வளையம் கைக்குள் வழுகி ஓடும்போது தட்டையான பகுதி வரும் ஒவ்வொரு தடவையும் பிடி தவறும். முழு வட்டம், மூன்று கால், 28 முதல் 32 மி.மீ. பருமனுள்ள பிடி, இதுதான் மண்ணில் ஓட்டுவதற்கு.

மேலுறைக்கு வருவோம். திறந்த வண்டி, மதுரை வெயில். கத்திரியில் இரண்டு மணி நேரம் வெளியே நின்ற கறுப்புத் தோல் வளையத்தை வெறுங்கையால் தொட முடியாது. வியர்வையும் செம்மண் தூசியும் சேர்ந்தால் சூயிட் எனும் சொரசொரப்பான தோல் ஒரே பருவத்தில் வழவழவென்று பளபளப்பாகிவிடும், அதற்குப் பிறகு பிடியே இருக்காது. மர வளையம் பார்க்க அழகு. அடிபட்டால் சிராய் சிராயாகப் பிளந்து கையில் ஏறும். ரப்பர் போன்ற பாலியூரிதேனில் வார்த்த வளையம்தான் இந்த ஊருக்கு ஏற்றது. ஈரத்துணியால் துடைத்தால் மண் போய்விடும், மழைக்கும் பயமில்லை.

பெரிய பிராண்டுகளின் பெயரைப் பொறித்த போலிகள் ஏராளம். கையில் எடுத்ததும் கால்களின் தடிமனைப் பாருங்கள். அலுமினியம் 2 மி.மீ. மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள், 3 முதல் 4 மி.மீ. வேண்டும். பிறகு வளையத்தை இரு பக்கமும் பிடித்து, ஒரு கையை முன்னாலும் ஒரு கையைப் பின்னாலும் தள்ளி முறுக்கிப் பாருங்கள். சற்றுத் துள்ளலாம். கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, உறை உள்ளே இருக்கும் குழாயின் மேல் நழுவினாலோ அதை வாங்காதீர்கள்.

வளையம் எவ்வளவு குழிந்திருக்க வேண்டும் என்பதை உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சீட்டில் முதுகை ஒட்டி, பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு கையை நேரே நீட்டுங்கள். மணிக்கட்டு வளையத்தின் உச்சியில் படிய வேண்டும். விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் ஸ்டீயரிங் தூரத்தில் இருக்கிறது. பெல்ட் போடாமல் அளந்தால் தோள் தானாக முன்னே வந்து உங்களை ஏமாற்றிவிடும். வளையத்தின் அடிக்கும் தொடைக்கும் நடுவில் நான்கு விரற்கடையாவது இடம் விடுங்கள், பள்ளத்தில் குதிக்கும்போது முழங்கால் மேலே எழும். பெரும்பாலான பக்கிகளுக்கு 40 மி.மீ. குழிவு பொருந்தும். 90 மி.மீ. குழிவு என்பது டாஷ் தள்ளி இருக்கிற வண்டிக்கு.

இனி ஓட்டைகள். சந்தையில் அதிகம் புழங்குவது 6 போல்ட், 70 மி.மீ. வட்டம். மோமோ, ஸ்பார்கோ, ஓஎம்பி எல்லாம் இதில் வரும். நார்டி, பெர்சனல் ஆகியவை 6 போல்ட், 74 மி.மீ. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஓர் ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை வெர்னியர் காலிப்பரில் அளந்தால் வட்டத்தின் விட்டம் கிடைத்துவிடும். 70 மி.மீ. போஸில் 74 மி.மீ. வளையத்தைப் பொருத்த ஓட்டையை ராவி நீளமாக்குவது நடக்கிறது. கூடவே கூடாது. நீள ஓட்டையில் போல்ட்டின் தலை மட்டுமே பிடிக்கும், முன்னும் பின்னும் ஆடி ஆடி எம்5 போல்ட் (5 மி.மீ. பருமனுள்ளது) கழுத்தில் முறியும்.

போஸுக்கு வருவோம். ஷாஃப்ட் நுனியில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை, வெளி விட்டம், நட்டின் மரை, இந்த மூன்றும் தெரிய வேண்டும். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து குண்டூசியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். இரண்டு தடவை எண்ணுங்கள். 35, 36 இரண்டுக்கும் நடுவில் ஒரு பல் வித்தியாசம்தான், ஆனால் தவறானதைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் ஏறியது போலத்தான் தெரியும். பற்கள் ஒன்றையொன்று கடித்து நசுங்கிய அந்த இறுக்கத்தைப் பொருத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. சரியான போஸ் கையால் தள்ளினாலே முக்கால் தூரம் போகும், கடைசிச் சிறு தூரத்தை நட்டு இழுத்துக்கொள்ளும்.

மாருதி 800, ஜிப்ஸி போன்றவற்றுக்கு ரெடிமேட் போஸ் தேடிப் பார்க்கலாம். கடைக்கு ஷாஃப்ட்டையோ பழைய ஸ்டீயரிங்கையோ கையோடு கொண்டுபோங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள்.

ரெடிமேட் கிடைக்காதபோது நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதே ஷாஃப்ட்டுக்கு உரிய பழைய ஸ்டீயரிங்கை உடைசல் வண்டிக் கடையில் வாங்கி, அதன் நடுத்துண்டை மட்டும் அறுத்தெடுப்பது. பற்கள் கம்பெனியில் வெட்டியவை, அதைவிடப் பொருத்தமானது வேறு எதுவும் இல்லை. ஆனால் அறுக்கும் முன் காந்தம் வைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் நடுத்துண்டும் கால்களும் இரும்பு, காந்தம் ஒட்டும். ஒட்டவில்லை என்றால் அலுமினிய வார்ப்பாகவோ மெக்னீசிய வார்ப்பாகவோ இருக்கும். அதில் இரும்புத் தகட்டை வெல்டு செய்ய முடியாது. மெக்னீசியத்தைக் கிரைண்டரில் பிடித்தால் அந்தத் தூள் தீப்பற்றும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். பக்கத்தில் உலர்ந்த மணல் வாளி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். நடுவில் ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கையும் கேட்காதீர்கள், அது வெடிக்கிற பொருள்.

இரும்புத் துண்டு கிடைத்துவிட்டால் லேத் பட்டறைக்குப் போகலாம். கே.புதூரிலோ கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கமோ இந்த வேலையைச் செய்து தரக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 8 மி.மீ. எம்.எஸ். (சாதாரண மென் இரும்பு) தகட்டில் 95 மி.மீ. வட்டம். நடுவில் பல் துண்டு இறுக்கமாக நுழையும் ஓட்டை. இரு பக்கமும் முழுச் சுற்று வெல்டு. "ரெண்டு பொட்டு வச்சா போதும்ணே, நிக்கும்" என்று சொல்லும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெல்டு வைக்கும்போது பழைய ஷாஃப்ட்டின் ஒரு சாண் துண்டை உள்ளே செருகி, நட்டைப் போட்டு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் துளை சுருங்கிப் பற்கள் கோணும். வண்டியில் மாட்டிய ஷாஃப்ட்டிலேயே வைத்து வெல்டு செய்யவே கூடாது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் புஷ் உருகும், மின்னோட்டம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். வெல்டு முடிந்ததும் தண்ணீரில் முக்கி ஆறவைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பல் துண்டு கார்பன் கூடிய எஃகாக இருந்தால், திடீரென்று குளிரும்போது வெல்டை ஒட்டி மயிரிழை விரிசல் விடும். சாம்பலிலோ உலர்ந்த மணலிலோ புதைத்து மெதுவாக ஆற விடச் சொல்லுங்கள். ஆறிய பிறகு, விரிசலைக் காட்டிக்கொடுக்கும் டை பெனட்ரண்ட் ஸ்பிரே அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. சிவப்பை அடித்து 10 நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளையை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும்பும். கோடு தெரிந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுங்கள், மேலே இன்னொரு வெல்டு வைத்து மூடாதீர்கள்.

தகட்டின் முகத்தை வெல்டுக்குப் பிறகுதான் லேத்தில் சீவ வேண்டும், ஓட்டையும் அதற்குப் பிறகுதான். முன்பே சீவி, ஓட்டை போட்டு, பிறகு வெல்டு வைத்தால் தகடு கோணி, ஸ்டீயரிங் சுற்றும்போது தட்டாமாலை ஆடும்.

ஆறு ஓட்டைகளைக் குறிக்கக் கணக்கு எளிது. 35 மி.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். காம்பசின் அகலத்தை மாற்றாமல் அந்த வட்டத்தின் மேலேயே அடியெடுத்துப் போனால் ஆறாவது அடியில் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேரும். பக்கத்துப் பக்கத்து ஓட்டை நடுவம் 35, எதிரெதிர் 70. 74 மி.மீ. வட்டத்துக்கு 37. சென்டர் பஞ்ச் அடித்து, 4.2 மி.மீ. டிரில், பிறகு மரை வெட்ட எம்5 டேப். 8 மி.மீ. தகடு என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்: எம்5 போல்ட்டுக்கு ஒன்றரை மடங்காவது, அதாவது 7.5 மி.மீ. மரை பிடி வேண்டும். வளையத்தின் கால், ஹாரன் வளையம், தகடு எல்லாம் சேர்த்தால் 14 அல்லது 16 மி.மீ. நீளம் வரும். போல்ட்டின் பலத் தரம் 8.8க்குக் குறையாமல். துருப்பிடிக்காது என்று எவர்சில்வர் போல்ட்டை நீட்டுவார்கள். சாதாரண எவர்சில்வர் போல்ட் 8.8ஐவிடப் பலம் குறைந்தது, மரையும் கடித்துக்கொள்ளும். கறுப்பு ஆலன் போல்ட்டே போதும்.

பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன் முன்சக்கரங்களை நேராக வையுங்கள், பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். நடு நட்டைத் தளர்த்தி, முழுதாக எடுக்காமல் நாலைந்து மரையில் விட்டுவையுங்கள். புல்லரை (ஸ்டீயரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுக்கும்போது விட்டுக்கொண்டு வரும் ஸ்டீயரிங் முகத்தில் அடிக்காமல் அந்த நட்டு தடுக்கும். புல்லர் இல்லையென்று ஷாஃப்ட் நுனியில் சுத்தியலால் அடிப்பது பெரும் தவறு. நுனி பூப்போல விரிந்து நட்டு ஏறாது. அதைவிட மோசம், விபத்தில் மடங்குவதற்காகச் செய்யப்பட்ட ஷாஃப்ட்டாக இருந்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பின்கள் வெட்டுப்பட்டு, அன்றிலிருந்தே ஆட்டம் தொடங்கிவிடும்.

புதியதை ஏற்றும் முன் ரேக்கை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு முனை வரை திருப்பி, அங்கிருந்து மறுமுனைக்கு எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வந்தால் அதுதான் நடு. டயரைப் பார்த்து நடு வைத்தால், ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு தவறாக இருக்கும் வண்டியில் ஏமாறுவீர்கள். போஸை நேராக ஏற்றுங்கள். 36 பல் என்றால் ஒரு பல்லுக்கு 10 பாகை. 350 மி.மீ. வளையத்தின் விளிம்பில் அது சுமார் 30 மி.மீ. அதற்கும் குறைவான கோணலைப் பல்லால் சரிசெய்ய முடியாது. ஒரு பக்க டை ராடை உள்ளே திருகிய அளவுக்கே மறு பக்கத்தை வெளியே திருகுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவு) மாறி, முன்டயர் ஒரு பக்கம் சீக்கிரம் தேயும்.

போஸ் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஷாஃப்ட்டின் தோள்பகுதியில் மார்க்கர் பேனாவால் மை தடவி ஏற்றி இறக்குங்கள். சுற்றிலும் மை ஒட்டியிருக்க வேண்டும். சில வண்டிகளில், ஷாஃப்ட்டின் மரை முடிந்து நட்டு முட்டிக்கொண்டு நிற்கும், போஸ் இன்னும் தளர்வாக இருக்கும். ஸ்பானருக்கு இறுகியது போலவே தெரிவதால் இது கண்ணில் படாது. அடியில் கெட்டியான வாஷர் ஒன்று போட்டால் தீரும். தளராமல் பிடிக்கும் நைலான் வளையமுள்ள புது நைலாக் நட்டு, அல்லது கம்பெனி நட்டும் ஸ்பிரிங் வாஷரும். இறுக்கத்துக்கு அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே இறுதி. சிறிய கார்களில் பெரும்பாலும் 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் வரும். பழைய பீட்டிலுக்கு 50. ஆறு எம்5 போல்ட்டுகளுக்கு 5 முதல் 6 போதும். எதிரெதிராக, இரண்டு சுற்றாக, நீல நிறத் த்ரெட் லாக் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. நீளமான ஆலன் கீயைப் பிடித்து முறுக்கினால் எம்5 கையோடு வந்துவிடும்.

ஹாரன் அடிக்காதது அடுத்த தலைவலி. பட்டனை அழுத்தும்போது ஷாஃப்ட் வழியாக எர்த் கிடைத்துத்தான் பல வண்டிகளில் ஹாரன் வேலை செய்கிறது. ஷாஃப்ட்டின் நடுவில் ரப்பர் இணைப்பு இருந்தால் எர்த் அங்கேயே அறுபட்டுவிடும். அதன் மேலே ஒரு சிறு ஒயரைத் தாண்டிப் போட்டால் ஹாரன் உயிர் பெறும். மணலில் ஓடும் வண்டியில் ஸ்லிப் ரிங்கில் (ஸ்டீயரிங் சுற்றும்போதும் மின்தொடர்பு தரும் வளையம்) தூசி புகுந்து தானாகவே ஹாரன் அலறுவதும் உண்டு. ரிலே வைத்து, டாஷில் தனிப் பட்டன் போட்டுவிடுவதே நிம்மதி.

குறுகிய கூண்டுக்குள் ஏறி இறங்கக் கழற்றி மாட்டும் குயிக் ரிலீஸ் உதவியாகத்தான் இருக்கும். வாங்கினால் பல்வரிசை கொண்டதை வாங்குங்கள். அறுகோணமும் பந்துப் பூட்டும் கொண்ட மலிவு வகை சில மாதங்களில் ஆடத் தொடங்கும். அதற்குள் கிரீஸ் பூசாதீர்கள். மணலோடு சேர்ந்தால் கிரீஸ் உப்புத்தாள் மாதிரி அராவும். உலர்ந்த கிராஃபைட் தூள் போதும். மாட்டிய ஒவ்வொரு தடவையும் உங்கள் பக்கம் ஒரு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை இறுகி இரண்டு தடவை தளர்ந்தால் குறை ஸ்டீயரிங்கில் இல்லை. ஷாஃப்ட்டைக் கோணத்தில் திரும்ப விடும் மூட்டுகளான இரண்டு யு.ஜே. கிராஸ்களும் ஒரே வாக்கில் இல்லை என்று பொருள். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள ஷாஃப்ட் துண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும், இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றிப் பல் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். இந்தக் குறைக்குப் பயந்து கிராஸ்களை எடுத்துவிட்டு நேர் ராடாகப் போடாதீர்கள். முன்னால் மோதினால் அந்த ராடு நேரே நெஞ்சுக்கு வரும்.

ஜாக்கியில் தூக்கி முனைக்கு முனை திருப்பிப் பாருங்கள். கை எங்கும் டாஷிலோ கியர் லீவரிலோ இடிக்கக் கூடாது. பிறகு சொந்தத் தோப்பிலோ தரிசிலோ மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வீட்டில் கட்டிய பக்கிக்கு ரோட்டில் இடமில்லை, குட்டி யானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வைகை வறண்டு கிடக்கிறதே என்று ஆற்றுக்குள் இறக்காதீர்கள், அது ஓட்டிப் பழகும் இடமல்ல. திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் கோடை வெடிப்புகளுக்குள் முன்சக்கரம் விழும்போது ஸ்டீயரிங் வெடுக்கென்று தானாகத் திரும்பும். கட்டைவிரல் ஸ்டீயரிங்கின் கால்களுக்கு நடுவே மாட்டியிருந்தால் எலும்பு முறியும். மாட்டைப் பிடிக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றாதே என்று ஊரில் சொல்வார்களே, அதே கதைதான். கட்டைவிரல் வளையத்தின் மேலே, மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கமாக இருக்கட்டும்.

முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஹாரன் பட்டனைக் கழற்றி எல்லா இறுக்கத்தையும் மீண்டும் பாருங்கள். அப்போதே நடு நட்டிலிருந்து போஸ் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை பட்டனைத் திறக்கும்போது கோடு இரண்டாக விலகி நின்றால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.